கானா பதிய எந்த சாஃப்ட்வேர்? லேப்டாப் பழசு, கையில் ஐயாயிரம்

11 பிப்ரவரி 2023 – கேள்வி

வியாசர்பாடியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் சித்தப்பா கானா பாடுகிறவர். சாவு வீட்டில் உட்கார்ந்தால் விடிய விடியப் பாடுவார். இதுவரை ஒரு பாட்டுகூட ஒழுங்காகப் பதிவாகவில்லை. யாரோ ஃபோனில் எடுத்தது சுற்றுகிறது, அதிலும் பாதி அழுகைச் சத்தம். வீட்டிலேயே பதியலாம் என்று இருக்கிறேன். லேப்டாப் ஐ3, 4 ஜிபி ரேம். கையில் ஐயாயிரம் ரூபாய். ஒரு நண்பன் எஃப்எல் ஸ்டூடியோ போடு, மற்றதெல்லாம் வேஸ்ட் என்கிறான். இன்னொருவன் மேக்கும் லாஜிக்கும் (ஆப்பிள் கம்ப்யூட்டரும் அதில் ஓடுகிற பதிவு சாஃப்ட்வேரும்) இல்லாமல் பாட்டு பாட்டாகவே வராது, காசு சேர்த்துவிட்டு வா என்கிறான். எதைப் போடுவது?

11 பிப்ரவரி, இரவு – பதில்

இரண்டாவது நண்பனை முதலில் விடு. லாஜிக் நல்ல சரக்குதான். ஆனால் 2002-ல் ஆப்பிள் அதைச் செய்த கம்பெனியை வாங்கின கையோடு விண்டோஸுக்கு மூடுவிழா நடத்திவிட்டது. உன் ஐ3-க்கு அந்தப் பேச்சே வேண்டாம். ரகுமான் 1989-ல் கோடம்பாக்கத்தில் வீட்டை ஒட்டி ஸ்டூடியோ போட்டபோது லாஜிக் என்ற பெயரிலேயே எதுவும் கிடையாது. அதை அவனிடம் சொல்.

முதல் நண்பனுக்குப் பாதி மார்க். எஃப்எல் 1997-ல் பெல்ஜியத்தில் ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற பெயரில் வந்தது. கட்டம் கட்டமாகத் தட்டி பீட் கட்டுவதற்கு அவ்வளவு சுலபமானது வேறு இல்லை. ஒருமுறை வாங்கினால் ஆயுசுக்கும் புது வெர்ஷன் இலவசம். ஆனால் நான் உன்னிடம் கேட்பது ஒன்றுதான்: முதலில் பதியப்போவது பீட்டா, சித்தப்பா குரலா? பீட் என்றால் எஃப்எல். குரல் என்றால் வேறு பக்கம் பார்.

நான் தண்டையார்பேட்டை. அப்பா மைக்செட் கடை வைத்திருந்தார். குழாய் ஸ்பீக்கர் கட்டி வளர்ந்த கை. பதினாலு வருஷமாக வீட்டில் பதிகிறேன், பாதிக்கு மேல் தப்பும் தவறுமாக. என் ஆலோசனை கேக்வாக். முழு சாஃப்ட்வேர், 2018-லிருந்து இலவசம். கண்ணை மூடிக்கொண்டு போடலாம்.

12 பிப்ரவரி

எஃப்எல் பற்றி ஒன்று விட்டுப்போச்சு. அதன் சோதனை வெர்ஷனில் எல்லாம் வேலை செய்யும், சேவ்கூட ஆகும். ஆனால் மூடிவிட்டுத் திரும்பத் திறந்தால் அந்தப் பாட்டு திறக்காது, காசு கட்டினால்தான் திறக்கும். என் அக்கா பையன் இது தெரிந்ததும் கம்ப்யூட்டரையே அணைக்காமல் மூன்று நாள் ஓட்டினான். வீட்டில் யாரும் சுவிட்ச் பக்கம் போகக்கூடாது. மூன்றாம் நாள் ராத்திரி கரண்ட் போச்சு.

அப்புறம், இருப்பதிலேயே விலை குறைந்த பதிப்பில் 2023 நிலவரப்படி குரல் பதிகிற வசதி கிடையாது. பீட் மட்டும்தான். மலிவு என்று அதை வாங்கிவிட்டு மைக் எங்கே சொருகுவது என்று தேடாதே.

கிராக் (திருட்டு காப்பி) போட்டால் என்ன என்று ஒருவர் கேட்டார். போட்டிருக்கிறேன், 2011-ல். ஒரு கடையில் சிடி வாங்கினேன். பத்து நாள் அருமையாக ஓடியது. பதினோராவது நாள் எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டாக மாறி நின்றது. மேற்கொண்டு எழுத எனக்கே கடுப்பாக இருக்கிறது.

14 பிப்ரவரி

தம்பி இன்னொரு கேள்வி அனுப்பியிருக்கிறான்: "ஹெட்ஃபோனில் என் குரல் எனக்கே லேட்டாகக் கேட்கிறது, சாஃப்ட்வேர் கோளாறா?"

சாஃப்ட்வேர்மேல் பழி போடாதே. கம்ப்யூட்டர் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு ஊற்றுகிறது. அந்தக் குவளைக்குப் பெயர் பஃபர். நொடிக்கு 44,100 மாதிரி என்ற கணக்கில் பதியும்போது, 1024 அளவுக் குவளை நிரம்ப 23 மில்லி செகண்ட் ஆகும். உள்ளே வர ஒரு குவளை, வெளியே போக ஒரு குவளை, மொத்தம் 46. ஒலி ஒரு மில்லி செகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். ஆக, 46 மில்லி செகண்ட் என்றால் உன் குரல் பதினாறு மீட்டர் தள்ளி இருக்கிற ஆளிடமிருந்து வருவதுபோல் இருக்கும். எங்கள் தெருவில் அது ஏழு வீடு. சட்டி அடிக்கிறவனை ஏழாவது வீட்டு வாசலில் உட்காரவைத்துவிட்டு இங்கே பாடிப் பார்.

பஃபரை 128 ஆக்கினால் அதே கணக்கு 6 மில்லி செகண்டுக்குள் வந்துவிடும். இரண்டு மீட்டர். எதிரில் உட்கார்ந்திருக்கிற மாதிரி.

விண்டோஸில் இதற்கு ஏஸியோ டிரைவர் வேண்டும். ஸ்டெயின்பெர்க் கம்பெனி, அதாவது க்யூபேஸ் என்ற பதிவு சாஃப்ட்வேர்காரர்கள், கொண்டுவந்த வழி அது. விண்டோஸின் சொந்த மிக்ஸர் வழியாகச் சுற்றிப் போகாமல் ஒலிக்கருவியை நேராகத் தொடும். இன்டர்ஃபேஸோடு (மைக்கைக் கம்ப்யூட்டரில் இணைக்கிற பெட்டி) அதன் ஏஸியோ வந்தால் அதைப் போடு. வராவிட்டால் ஏஸியோ4ஆல் இலவசமாகக் கிடைக்கிறது.

ப்ளூடூத் ஹெட்ஃபோனைக் கழற்றி வை. அதன் தாமதத்தை எந்த சாஃப்ட்வேரும் சரி செய்யாது. அண்ணாச்சி கடையில் கிடைக்கிற ஒயர் போட்டது போதும்.

15 பிப்ரவரி

நேற்று எழுதியதைத் திருத்துகிறேன். 128 என்று சொல்லிவிட்டேன். 4 ஜிபி லேப்டாப்பில் 128 வைத்து நாலு டிராக் (தனித்தனியாகப் பதிந்த ஒலி வரிசை) ஓட்டினால் கடாயில் கடுகு போட்ட மாதிரி படபடவென்று வெடிக்கும். கம்ப்யூட்டருக்குக் குவளையை நிரப்ப நேரம் போதாததால் வருகிற சத்தம் அது.

உனக்கான வழி வேறு. இன்டர்ஃபேஸ் வாங்கும்போது 'டைரக்ட் மானிட்டர்' பொத்தான் உள்ளதாகப் பார்த்து வாங்கு. மைக்கின் சத்தம் கம்ப்யூட்டருக்குப் போகிற வழியிலேயே ஒரு கிளை பிரிந்து நேராக ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும். தாமதமே தெரியாது. பஃபரை 1024-லேயே வைத்துக்கொள், லேப்டாப்பும் மூச்சு வாங்காது. சாஃப்ட்வேரில் மானிட்டரை அணைத்துவிட மறக்காதே. மறந்தால் குரல் இரண்டாகக் கேட்கும், கிணற்றுக்குள் பாடுகிற மாதிரி.

ஐயாயிரத்தில் முதல் செலவு இதுதான். மூவாயிரத்துச் சொச்சத்தில் ஒரு மைக் நுழைகிற இன்டர்ஃபேஸ் வந்துவிடும். மீதியில் டைனமிக் மைக். கண்டென்சர் வாங்காதே, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

16 பிப்ரவரி

ஆடாசிட்டி போதாதா என்று கேட்கிறவர்களுக்கு: குரல் ஒன்று, ஒரே மூச்சில் பாடுவது, பின்னணி எதுவும் இல்லை என்றால் தாராளமாகப் போதும். 2000-லிருந்து இலவசம், நானும் அதில்தான் ஆரம்பித்தேன். சிக்கல் இரண்டாவது டிராக்கில் தொடங்கும். முதலில் பதிந்ததைக் கேட்டுக்கொண்டே பதிந்தால் இரண்டாவது தள்ளிப்போய் விழும். அதைச் சரிக்கட்ட மைனஸ் 130 மில்லி செகண்ட் என்று ஒரு பொதுக் கணக்கு அதிலேயே போட்டு வைத்திருக்கிறார்கள். உன் கருவிக்கு அது பொருந்தாது. ஹெட்ஃபோனை மைக்கின் வாயில் வைத்து கிளிக் சத்தத்தை ஓடவிட்டு, அதை இரண்டாவது டிராக்கில் பதி. இரண்டு கிளிக்குக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்த்து அந்த எண்ணை மாற்று. பத்து நிமிட வேலை. நான் இதைத் தெரிந்துகொள்ள இரண்டு வருஷம் ஆச்சு. அதுவரை ஒவ்வொரு டிராக்கையும் கையால் நகர்த்தி நகர்த்தி வைத்தேன். அதோடு, 2023 நிலவரப்படி கம்பெனி தருகிற விண்டோஸ் ஆடாசிட்டியில் ஏஸியோ கிடையாது, லைசன்ஸ் தகராறு.

19 பிப்ரவரி

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பீட்டா குரலா என்று முதல் நாள் ஏன் கேட்டேன் என்று யாரும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன்.

போன வருஷம் காசிமேட்டுப் பாட்டுக்காரர் ஒருவரைப் பதிந்தேன். கடலுக்குப் போகிறவர், ஐம்பத்தைந்து வயசு. எனக்கு அண்ணன் முறை மாதிரி. நான் முறைப்படி எல்லாம் தயார் பண்ணிவைத்திருந்தேன். டெம்போ 92 (நிமிடத்துக்கு 92 தட்டு), ஆறு எட்டுத் தாளம், தாளத்துக்குக் கிளிக் ஓடுகிறது. காதில் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன். நாலு வரி பாடினார், நிறுத்தினார். மறுபடி நாலு வரி. மூன்றாவது தடவை ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துவிட்டார்.

"இன்னா நைனா, காதுல எவனோ ஆணி அடிச்சிக்கினே கீறான். அவனுக்கு நான் பாடணுமா, பாட்டுக்கு நான் பாடணுமா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. தாளம் நிற்கவில்லை என்று உள்ளுக்குள் நினைத்தேன். டீ குடித்துவிட்டு வரும்போது பார்த்தால், சுவரில் சாய்த்து வைத்திருந்த கேரம்போர்டைத் தொடைமேல் போட்டுக்கொண்டு விரலால் தட்டிப் பாடிக்கொண்டிருக்கிறார். வலது கை நடுவில் விழுந்தால் ஒரு ஆழமான சத்தம். இடது கை கட்டைவிரல் ஓரச் சட்டத்தில் பட்டால் டக் என்று ஒரு சத்தம். போர்டுக்கு அடியில் ஒரு மைக், வாய்க்கு ஒரு மைக், ரெக்கார்டை அழுத்தினேன். ஏழு நிமிடம், ஒரே டேக்.

பிறகு அளந்து பார்த்தேன். முதல் சரணம் 88-ல் இருக்கிறது. இறந்தவரின் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இடத்தில் 84-க்கு இறங்குகிறது. கடைசியில் 97. அந்த இறக்கம்தான் பாட்டே. நான் 92 என்று ஒரு கோடு போட்டு அதைத்தான் அடைத்திருக்கிறேன்.

சாஃப்ட்வேர் எல்லாமே திறந்ததும் ஒரு டெம்போவைப் போட்டுக்கொண்டுதான் நிற்கும். ரீப்பர் (இன்னொரு பதிவு சாஃப்ட்வேர்) என்றால் 120. எஃப்எல்லில் பதினாறு கட்டம். நாம் ஒன்றும் தொடவில்லை என்றாலும் நாலுக்கு நாலு என்று அது முடிவு செய்துவிடுகிறது. பீட் கட்டி அதன்மேல் பாடுகிறவர்களுக்கு அது வசதி. இன்று யூடியூபில் வருகிற கானா முக்கால்வாசி அப்படித்தான், அதைக் குறை சொல்லவில்லை. சாவு வீட்டுக் கானா அப்படிக் கிடையாது. கை குரலைத் தொடர்ந்து போகும். அதற்குக் குரலை முதலில் பதிந்துவிட்டு, பாட்டு போகிற வழியில் டெம்போக் கோட்டை நாம் இழுத்து வைக்கிற சாஃப்ட்வேர் வேண்டும். ரீப்பரில் கையால் ஒவ்வொரு தட்டுக்கும் டெம்போக் குறி வைக்கலாம். க்யூபேஸில் தானே கண்டுபிடிக்கிற வசதி உண்டு. லாஜிக்கில் 2018-லிருந்து ஸ்மார்ட் டெம்போ வந்திருக்கிறது (சரி, உன் இரண்டாவது நண்பனுக்கும் கால் மார்க்). கேக்வாக்கிலும் செய்யலாம், ஆனால் எனக்குக் கை வரவில்லை.

ஆக, கண்ணை மூடிக்கொண்டு கேக்வாக் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். உன் சித்தப்பாவுக்கு ரீப்பர். இறக்கும்போது 20 எம்பிகூட இருக்காது, 4 ஜிபியில் நிம்மதியாக ஓடும்.

20 பிப்ரவரி

கேரம்போர்டில் பவுடரைத் துடைத்துவிட்டுப் பதியவும். இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

26 பிப்ரவரி

ரீப்பரில் டெம்போக் குறி வைக்கிறவர்கள் கவனிக்க. முதலில் ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் டைம்பேஸை 'டைம்' என்று மாற்று. அது 'பீட்ஸ்' என்றே இருந்தால், ஒவ்வொரு குறி வைக்கும்போதும் பதிந்த குரல் துண்டுகள் கோட்டோடு சேர்ந்து நகர்ந்துவிடும். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குறி வைத்து, சாயங்காலம் போட்டுக் கேட்டால் அண்ணன் தண்ணீருக்குள்ளிருந்து பாடுகிறார்.

5 மார்ச்

கண்டென்சர் ஏன் வேண்டாம் என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா. கண்டென்சர் காது கூர்மையான ஆள். 48 வோல்ட் மின்சாரம் கொடுத்தால், நீ பாடுவதோடு எதிர்வீட்டுக் குக்கர் எத்தனை விசில் என்பதையும் எண்ணிச் சொல்லும். பஞ்சு ஒட்டின ஸ்டூடியோவில் அது தெய்வம். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரி வரிசை நிற்கிற ஊரில் அதை வைத்துக்கொண்டு பாட்டைத் தவிர எல்லாவற்றையும் பதியலாம். டைனமிக் மைக் கொஞ்சம் மந்தம், வாயை ஒட்டி வைத்தால்தான் கேட்கும். நமக்கு வேண்டியது அந்த மந்தம்தான். பறை, சட்டி மாதிரி முகத்தில் அறைகிற சத்தத்தையும் அலறாமல் வாங்கிக்கொள்ளும். தீயில் காய்ச்சின பறைக்கு எதிரில் கண்டென்சரை வைத்தவர்களுக்குத் தெரியும், அலை மேலும் கீழும் முட்டித் தட்டையாக நிற்கும்.

லாரி உறுமலை சாஃப்ட்வேரில் எடுக்கலாம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் போதும், குரலுக்குச் சேதம் இல்லை. ஹாரன் எடுக்க முடியாது. அது குரல் இருக்கிற இடத்திலேயே உட்காரும். அதை எடுத்தால் குரலும் கூடப் போகும்.

ஒரு 'ம்ம்ம்' என்ற சத்தம் விடாமல் வந்தால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் பதிந்து பார். எங்கள் வீட்டில் பாதி நோய் அதோடு தீர்ந்தது. மீதி டியூப்லைட்.

அறை? இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரில் நிமிர்த்தி வை. பீரோவைத் திறந்து தொங்குகிற புடவைகளுக்கு முன்னால் பாடினாலும் எதிரொலி அடங்கும். மேலே ஆஸ்பெஸ்டாஸ் என்றால் ஃபேனை அணைத்த ஐந்தாவது நிமிடம் பாடுகிறவர் எழுந்து போய்விடுவார், அதனால் மைக்கை எல்லாம் சரிபார்த்த பிறகு கடைசியில் ஃபேனை அணை.

18 ஏப்ரல்

தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள். மற்ற மாதங்களில் எங்கள் பக்கம் ராத்திரி ஒரு மணி வரைதான் அமைதி, அதற்குப் பிறகு மீன் ஏலத்துக்கு வண்டிகள் போக ஆரம்பித்துவிடும். இப்போது விசைப்படகுகள் கரையில். வண்டி குறைவு, பாடுகிற ஆட்களும் வீட்டில் இருக்கிறார்கள். கையில் காசு இருக்காது, பாட்டு இருக்கும். நான் வருஷத்தில் பதிவதில் பாதி இந்த இரண்டு மாதத்தில்தான். பதிய நினைக்கிறவர்கள் சாஃப்ட்வேர் விவாதத்தை ஜூன் 15-க்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

10 ஜூன்

கேக்வாக் போட்டவர்கள் என்னைத் திட்டலாம். இனி அந்த இலவச வெர்ஷனை நிறுத்தப்போவதாகவும், சோனார் என்றும் நெக்ஸ்ட் என்றும் இரண்டு புதுசு வரப்போவதாகவும் அதை வைத்திருக்கிற பேண்ட்லேப் கம்பெனி அறிவித்திருக்கிறது. அதற்கு இது முதல் சாவு இல்லை. 1987-ல் டாஸ் காலத்தில் பிறந்தது. கை மாறிக் கை மாறி கிப்சன் என்ற கித்தார் கம்பெனியிடம் போய், 2017 நவம்பரில் அவர்கள் கடையை மூடினார்கள். 2018-ல் பேண்ட்லேப் தூக்கி நிறுத்தி இலவசமாகக் கொடுத்தது. இரண்டு தடவை மாலை போட்டாச்சு, எழுந்து உட்காருகிறது. இதற்கே ஒரு கானா கட்டலாம்.

போட்டவர்கள் உடனே பயப்பட வேண்டாம், 2023 நிலவரப்படி இருப்பது ஓடுகிறது. ஆனால் முடிந்த பாட்டின் ஒவ்வொரு டிராக்கையும் தொடக்கத்திலிருந்து கடைசி வரை தனித்தனி வேவ் ஃபைலாக எடுத்து வையுங்கள். எந்த சாஃப்ட்வேர் செத்தாலும் வேவ் திறக்கும்.

23 ஜூலை

கொஞ்சம் வழி மாறிப் போகிறேன். கானாவுக்கு ஆட்டோட்யூன் (குரலின் சுருதியைத் திருத்துகிற சாஃப்ட்வேர்) போடலாமா என்று ஒருவர். 1997-ல் அதைச் செய்தவர் ஆண்டி ஹில்டபிராண்ட், அதற்கு முன் எண்ணெய்க் கம்பெனிகளுக்காகப் பூமிக்கு அடியில் அதிர்வு அனுப்பி, திரும்பி வருகிற அலையை அலசுகிற கணக்கு வேலையில் இருந்தவர். அந்தக் கணக்கறிவைத்தான் குரல் பக்கம் திருப்பினார். மணலி சுத்திகரிப்பு ஆலையின் புகையைப் பார்த்துக்கொண்டு இதை எழுதுகிறேன், நம் ஊருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று யார் சொன்னது.

போடலாம். ஆனால் திருத்துகிற வேகத்தைக் குறைத்து வை. வேகமாக வைத்தால், ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கி இறங்குகிற இடத்தை எல்லாம் படிக்கட்டாக மாற்றிவிடும். கானாவில் சொல்லின் வால் எப்போதும் கீழே வழுக்கும். அது சுருதி விலகல் என்று மெஷின் நினைக்கிறது. ரீப்பரோடு வருகிற ரியாட்யூனில் கையாலும் திருத்தலாம், உறுத்துகிற ஒரு சொல்லை மட்டும் தொட்டுவிட்டு மற்றதை விட்டுவிடு. எஃபெக்டுக்காக வேண்டுமென்றே முழு வேகத்தில் போடுகிற பையன்கள் இருக்கிறார்கள், அது வேறு ரசம். எனக்குப் பிடிக்கிறது என்று வீட்டில் சொல்லவில்லை.

22 அக்டோபர்

ரீப்பர் 7 வந்துவிட்டது. ஆறாவது வெர்ஷனுக்கு லைசன்ஸ் வாங்கியவர்களுக்கு 7.99 வரை செல்லும், மறுபடி கட்ட வேண்டாம். விலை 60 டாலர், நம் காசில் ஐயாயிரத்தை ஒட்டி வரும். தம்பியின் மொத்த பட்ஜெட்டே அதுதான். 60 நாள் சோதனை முடிந்தாலும் பூட்டாது, திறக்கும்போது சில நொடி நிறுத்தி, காசு கொடுக்கவில்லையே என்று நினைவுபடுத்தும். எங்கள் தெருவில் சீட்டுப் பிடிக்கிற அக்கா மாதிரி, கத்தாது, ஆனால் தினமும் கேட்கும். நான் எட்டு மாதம் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போனேன். முதன்முதலில் ஒரு பாட்டுக்குக் காசு வந்ததும் கட்டிவிட்டேன். இதை எழுதியவர் வினாம்ப் எழுதிய அதே ஜஸ்டின் ஃபிராங்கல். பிரவுசிங் சென்டர் காலத்து ஆட்கள் நன்றிக்கடனாகவாவது கட்டலாம்.

17 டிசம்பர் 2023

இரண்டு வாரமாக எழுத முடியவில்லை. மிக்ஜாம் புயல். எங்கள் வீடு தரைத்தளம், இடுப்பு வரை தண்ணீர். நாலு நாள் கரண்ட் இல்லை.

லேப்டாப்பையும் இன்டர்ஃபேஸையும் பரண்மேல் ஏற்றினேன். மைக்கை அரிசி டிரம்மில் போட்டு மூடினேன், அதுகூட நினைவு வந்தது. எக்ஸ்டர்னல் ஹார்ட்டிஸ்க் பீரோவின் கடைசி அறையில், பத்திரங்களுக்குக் கீழே. பத்திரத்தை எடுத்தேன், அதை எடுக்கவில்லை.

எனக்கு ஒரு தைரியம் இருந்தது. ஒவ்வொரு பாட்டையும் முடித்ததும் ரீப்பர் ஃபைலை எனக்கே மெயில் போட்டுவைப்பேன். தண்ணீர் வடிந்த பிறகு, லேப்டாப்பைத் துடைத்து, அண்ணனின் கேரம்போர்டுப் பாட்டை மெயிலிலிருந்து இறக்கித் திறந்தேன். எல்லா டிராக்கும் வரிசையாக வந்தது. பெயர்கள், நிறங்கள், நான் ஒரு ஞாயிறு முழுக்க வைத்த டெம்போக் குறிகள். ப்ளே அழுத்தினால் சத்தம் இல்லை. பெட்டிகள் எல்லாம் காலி.

அந்த ஃபைல் 41 கேபி. ஏழு நிமிடப் பாட்டு 41 கேபியில் இருக்குமா என்று ஒரு நாளாவது யோசித்தேனா? ரீப்பரின் ப்ராஜெக்ட் ஃபைல் வெறும் எழுத்துதான், நோட்பேடில் திறந்தால் படிக்கலாம். இந்த இடத்தில் இந்த வேவ், இந்த அளவு சத்தம் என்று விலாசம் எழுதிவைத்த சீட்டு. வீடு ஹார்ட்டிஸ்கில் இருந்தது.

பதினோரு பாட்டு. அண்ணன் பாட்டு மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பின எம்பி3 ஆக இருக்கிறது, குரலும் போர்டும் ஒன்றாகக் கலந்து. அதைச் சொல்லத்தான் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் வீட்டில் என் வீட்டைவிட மோசம், வலை எல்லாம் சேறு.

"அட வுடு நைனா. பாட்டு இன்னா ஆர்டிஸ்க்லயா கீது? நான் உசுரோட தானே கீறேன், இன்னொருவாட்டி பாடினாப் போச்சு."

21 ஜனவரி 2024

பாடினார். கேரம்போர்டு ஊறி உப்பிவிட்டது, அந்த டக் வரவில்லை. சாப்பாட்டு மேஜைப் பலகையில் தட்டினார். பாட்டும் பழைய பாட்டு இல்லை. எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படிந்ததையும் வலை கறுத்ததையும் இரண்டு சரணமாகச் சேர்த்துவிட்டார், பழைய இரண்டை விட்டுவிட்டார். டெம்போ 81-ல் தொடங்குகிறது. பழைய குறிகளை மேலே போட்டுப் பார்த்தேன், ஒரு இடத்தில்கூடப் பொருந்தவில்லை. அழித்துவிட்டுப் புதிதாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தத் தடவை சேவ் ஆஸ் போகும்போது 'எல்லா மீடியாவையும் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் காப்பி செய்' என்கிற கட்டத்தை டிக் செய்துவிட்டுத்தான் அழுத்தினேன். 24 பிட், ஒற்றை மைக் என்றால் நிமிடத்துக்கு 8 எம்பி. ஏழு நிமிடம், இரண்டு மைக், 112 எம்பி. ஒரு பென் டிரைவ் என்னிடம், இன்னொன்று அக்கா வீட்டில் மாதவரத்தில். முதல் மாடி.

10 மார்ச் 2024

கேள்வி கேட்ட தம்பி ஒரு வருஷம் கழித்து வந்திருக்கிறான், பாட்டோடு. ரீப்பரில் சித்தப்பா குரலையும் சட்டியையும் பதிந்து, டெம்போக் குறி வைத்து, அதை அந்த எஃப்எல் நண்பனிடம் கொடுத்திருக்கிறான். நண்பன் பன்னிரண்டு கட்டமாக மாற்றிக்கொண்டு அடியில் ஒரு பேஸ் மட்டும் கொடுத்திருக்கிறான். இரண்டும் சேர்ந்து நன்றாக இருக்கிறது. எஃப்எல்லுக்குப் பாதி மார்க் போட்டதை முக்கால் ஆக்குகிறேன்.

குறை: இரண்டாவது சரணத்தில் ரயில் ஹாரன். ஜீவா ஸ்டேஷன் பக்கம் வீடு, வேறு எப்படி இருக்கும். "அண்ணா, ஊர்ச் சத்தம்னு அப்படியே விட்டுடவா? ஒரு ஃபீல் இருக்கு" என்று கேட்டிருக்கிறான்.

ஹெட்ஃபோனில் நாலு தடவை கேட்டேன். ஹாரனுக்கு அடியில் சித்தப்பா செத்தவருடைய அம்மா பெயரைச் சொல்கிறார். அது கேட்கவில்லை. ஃபீல் எல்லாம் அப்புறம், அந்த ஒரு வரியை மறுபடி பாடச் சொல். மைக்கை அதே இடத்தில், அதே தூரத்தில் வை. முன் வரியையும் சேர்த்துப் பாடச் சொல், அப்போதுதான் ஒட்டுப் போட்ட இடம் தெரியாது.

11 மார்ச்

ஞாயிற்றுக்கிழமைதான் முடியுமாம். சித்தப்பாவுக்கு அதுவரை மூன்று சாவு வீடு.